சர்க்கார் பணத்திற்குக் கணக்குக் கேட்பவர் யார்?

பிழைப்பை நாடி வடக்கே சென்ற தமிழர் பலர், சர்க்கார் முதலீட்டில் எழுந்த ஆலைகளைச் சுற்றியே குடியமர்ந்தனர். பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலை 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தனை பெரிய மூலதனத்தைத் தனியார் திரட்டுவது அரிதாயிருந்த காலத்தில் பொதுப்பணமே முன்னின்றது. அப்பணத்திற்குக் கணக்குக் கேட்பவர் யார்?

மத்திய சர்க்காரின் வரியும் கடனும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேருகின்றன. பாராளுமன்றம் சட்டமியற்றி அனுமதித்தாலன்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாது. அனுமதித்த தொகையில் மிஞ்சியது மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதியாகும். ஆகவேதான் சில இலாகாக்கள் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவழிக்கின்றன. நம் வீட்டில் யாரேனும் அப்படிச் செய்தால் பொறுப்போமா?

செலவுக்குப் பின் வருபவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்க இயலாது. ஆதலால் அஞ்சாமல் எழுத முடிகிறது. பணம் குறித்த காரியத்திற்குச் சென்றதா என்பதோடு அவர் நிற்பதில்லை. கருதிய பலன் கிட்டியதா என்றும் வினவுகிறார். கட்டி முடித்த ஆஸ்பத்திரியில் வைத்தியர் இல்லையென்றால், ரசீதுகள் யாவும் ஒழுங்காக இருந்தும் அது குறையே.

அவரது அறிக்கை ஜனாதிபதி வழியாகப் பாராளுமன்றத்தை அடைந்து, பொதுக் கணக்குக் குழுவிடம் செல்கிறது. குழுவில் 22 அங்கத்தினர், மந்திரிகளுக்கு இடமில்லை. 1967 முதல் எதிர்க்கட்சியினர் ஒருவரே தலைமை வகிப்பது வழக்கம். இலாகாவின் காரியதரிசி நேரில் வந்து பதிலளிக்க வேண்டும். ஆனால் அறிக்கை வெளிவருவதற்குள், தவறிழைத்தவர் ஓய்வு பெற்றுவிடுவதும் உண்டு.

வலையில் வேறு ஓட்டைகளும் இருந்தன. 1956இல் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், மறு ஆண்டே முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாயை இட்டது. பாலிஸிதாரர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் அது. அதனை அம்பலப்படுத்தியவர் தணிக்கை அதிகாரியல்லர்; ஆளுங்கட்சி அங்கத்தினரான பெரோஸ் காந்தி சபையில் தொடுத்த கேள்விகளே அதனை வெளிக்கொணர்ந்தன. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958இல் நிதி மந்திரி, சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, பதவி துறந்தார். 1964இல் பொதுத்துறை ஸ்தாபனங்களை ஆராயப் பாராளுமன்றம் தனிக்குழு அமைத்தது.

நேயர்கள் வாழும் மாநிலத்தின் கணக்கையும் இதே தணிக்கையாளரே பார்க்கிறார். அவ்வறிக்கை கவர்னர் மூலம் அம்மாநிலச் சட்டசபைக்குச் செல்கிறது. அறிக்கையில் கண்ட ஓர் ஊழலையோ, நின்றுபோன ஒரு பாலத்தையோ பற்றி மேலும் அறிய விரும்பினால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். மத்திய அலுவலகமாயின் கட்டணம் 10 ரூபாய். பதிலளிக்கச் சாதாரணமாக 30 நாள் தவணை. சொந்த ஊர் எது என்று விண்ணப்பத்தில் எவரும் கேட்பதில்லை.