வீட்டு நாயும் எலிச் சிறுநீர் நோயும்

என் வகுப்பில் படிக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலையில் அழுத முகத்தோடு வந்தான். "டீச்சர், எங்கள் நாய் செத்துப்போச்சு" என்றான். மூன்று நாளாக அது சோறு தின்னவில்லையாம். வாந்தி எடுத்ததாம். கண் மஞ்சளாகிவிட்டதாம். அவனுடைய அப்பா செம்பனைக் குலை அறுப்பவர். வேலை முடிந்து வந்து, நாயை வெறுங்கையால் தூக்கிப் போய்ப் புதைத்திருக்கிறார். அவர் கையில் முள் குத்திய புண்கள் ஆறாமல் இருந்தன.

எட்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டார். பாட்டி கஷாயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலியில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கண்கள் சிவந்துவிட்டன. பிறகுதான் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே டெங்கியாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, கூடப் போயிருந்த பையன், "டாக்டர், எங்கள் நாய்க்கும் காய்ச்சல் வந்துதான் செத்துப்போச்சு" என்றான். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அப்பா எங்கே வேலை செய்கிறார்? நாயைத் தொட்டாரா?" என்று விசாரித்தார். அன்றே வேறொரு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதி, மருந்தையும் தொடங்கினார். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா பிழைத்து வந்தார்.

அந்த நோயின் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். மலாய்க்காரர்கள் கென்சிங் திக்குஸ் என்பார்கள். நாம் எலிச் சிறுநீர் நோய் என்றும் எலிக்காய்ச்சல் என்றும் சொல்கிறோம். பெயரில் எலி இருப்பதால் நாயை நாம் மறந்துவிடுகிறோம். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

இதை உண்டாக்குவது சுருள் வடிவமான ஒரு பாக்டீரியாக் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கும். எலிக்கு ஒரு நோவும் இராது. எலி சிறுநீர் கழிக்கும்போது கிருமி வெளியே வரும். வெயிலில் காய்ந்த தரையில் அது சீக்கிரம் செத்துப்போகும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இனி நாய்க்கு வருவோம். நாய் கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கிறது, குப்பைமேட்டைக் கிளறுகிறது, எலியைப் பிடித்துத் தின்கிறது. கிருமி அதன் உடம்பில் ஏறிவிடுகிறது. சில நாய்கள் நோயுற்றுச் சாகும். வேறு சில, நோயே இல்லாதவை போல் வாலாட்டிக்கொண்டு திரியும். நோயிலிருந்து பிழைத்த நாயின் சிறுநீரிலும் மாதக்கணக்கில் கிருமி வரக்கூடும். அந்த நாய் எங்கே காலைத் தூக்குகிறது? நம் வாசற்படியில், விறகுக் கட்டில், பிள்ளைகள் பந்து விளையாடும் ஈரத் தரையில். குப்பைமேட்டில் கிடந்த கிருமி இப்படித்தான் வீட்டுவாசலுக்கு வந்து சேருகிறது.

அங்கிருந்து நம் உடம்புக்குள் எப்படி நுழைகிறது? காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல், கண், மூக்கு, வாய் ஆகிய வழிகளில் நுழைகிறது. நுழைந்தபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் காணும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். கடும் தலைவலி, கெண்டைக்கால் சதைவலி, பீளையில்லாமல் கண் சிவத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டொரு நாள் குறைந்ததுபோல் காட்டி மறுபடியும் தாக்குவதும் உண்டு. முற்றினால் உடம்பு மஞ்சளாகும், சிறுநீர் குறையும், நுரையீரலில் ரத்தம் கசியும். உயிருக்கே ஆபத்து வரும்.

இது புதிய நோய் அல்ல. 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். 1915-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இனாடாவும் இடோவும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மலாயாவில் 1925-இல் டாக்டர் வில்லியம் பிளெட்சர் இதைப் பதிவு செய்தார். ஆனாலும் 2010-ஆம் ஆண்டின் இறுதியில்தான் டாக்டர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் நம் நாடு இதைச் சேர்த்தது. அதே ஆண்டில் பகாங் மாநிலத்து லூபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்கள் பலர் நோயுற்றார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அவர்களிடம் இந்தக் கிருமியும், மண்ணில் வாழும், மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் இன்னொரு கிருமியும் காணப்பட்டன.

இதெல்லாம் தூரத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் மலாக்காவிலும் ஜொகூரிலும் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் 350 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அவர்களில் 100 பேரிடம் இந்தக் கிருமி தொட்டதற்கான அடையாளம் இருந்தது. நூறு பேரும் படுக்கையில் விழுந்தவர்கள் என்பது இதன் பொருளல்ல; கிருமி அவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே பொருள். தோட்டத்தில் மாடுகள் திரிவது, குப்பைமேடு இருப்பது, ரப்பர் கையுறை போடாதது, நீளக்கைச் சட்டை அணியாதது ஆகியவற்றோடு இது சேர்ந்திருப்பதாகவும் அந்த ஆய்வு கண்டது.

என் மாணவனின் அப்பாவுக்கு நாயிடமிருந்து வந்ததா, செம்பனைக் காட்டின் எலியிடமிருந்து வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு நாய்க்கு மஞ்சள் கண்டால், கிருமி நம் சுற்றுப்புறத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நாயை அடித்துத் துரத்துவதா? வேண்டாம், நேயர்களே. இரவெல்லாம் வீட்டைக் காக்கும் பிராணி அது. அதைத் துரத்தினாலும் எலி இருந்துகொண்டுதான் இருக்கும். செய்ய வேண்டியவை வேறு.

நாய்க்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விட்டுவைக்காதீர்கள். மீந்த சோறு எலியை அழைக்கும். எலி அதே தட்டில் சிறுநீர் கழிக்கும். காலையில் நாய் அதை நக்கும். குப்பையை மூடி வையுங்கள். நாய்க்குக் குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள். இந்நோய்க்கு நாய்த் தடுப்பூசி உண்டு. குட்டியாக இருக்கும்போது இரண்டு முறை போட்டு, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். கிருமியின் எல்லா வகைகளையும் அது தடுக்காது. ஆனாலும் பெரிய பாதுகாப்பு. நாய் நோயுற்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் சிறுநீர் பட்ட சிமெண்டுத் தரையில், ஒரு பங்கு குளோராக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவுங்கள். கையுறை இல்லாமல் நோயுற்ற நாயையோ செத்த நாயையோ தொடாதீர்கள். வேலைக்குப் பூட்ஸ் போடுங்கள். புண்ணைக் கட்டி மறையுங்கள். பிள்ளைகள் விளையாடி வந்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அது வேறு விஷயம். நாயின் வாயிலும் பாக்டீரியாக் கிருமிகள் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவை விரைவில் சீழ் பிடிக்கும். வெறிநாய்க்கடி நோயும் 2017 முதல் சரவாக்கில் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. காப்பித்தூளும் மஞ்சளும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. எலிச் சிறுநீர் நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. பெனிசிலினும் டாக்ஸிசைக்ளினும் தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் காய்ச்சலை மட்டும் பார்த்தால் டெங்கி போலவே இருக்கும். டெங்கிக்கு இந்த மருந்துகள் உதவா. டாக்டருக்கு வழிகாட்ட நம்மால்தான் முடியும். "நான் செம்பனையில் வேலை செய்கிறேன். காலில் புண் இருந்தது. கால்வாயில் இறங்கினேன். வீட்டு நாய்க்கு நோய் வந்தது." கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து வயதுப் பையன் சொன்ன ஒரு வார்த்தை, அவன் அப்பாவுக்கு மருந்து நேரத்தில் கிடைக்க உதவியது.