மணியோடு ஒரு மார்கழி நடை!

மதியம் மூன்றரை மணி ஆனால் போதும், எங்கள் வீட்டு மணி வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். வாலால் தரையைத் தட்டினால் 'கிளம்பு' என்று உத்தரவு. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றின் ஓரம் மழையில் நனைந்துகொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி அவன். இன்று என் கணவருக்குக்கூட இல்லாத அதிகாரம் வீட்டில் அவனுக்குத்தான்!

மற்ற மாதங்களில் இந்த நேரத்தில் அவனை வெளியே கூட்டிப்போக மாட்டேன். சித்திரை வெயிலில் தார் ரோடு அவன் பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையை ரோட்டில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. மார்கழியிலும் தையிலும்தான் நாலு மணி வெயிலே இதமாக இருக்கும்.

நெல் அவியும் வாசனை அடிக்கும் தெருக்களைத் தாண்டினால் பெருவளை வாய்க்கால். அதில் வருவது காவிரித் தண்ணீர். கரையை ஒட்டி சம்பா கதிர் பிடித்து, தலை சாயத் தொடங்கியிருக்கும். மடையான்கள் அசையாமல் நிற்கும். மணியோ ஒவ்வொரு வரப்பையும் மோந்து முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான்.

போன வருடம் இதே மார்கழியில் ஒரு தப்பு செய்தேன். 'பாவம், கொஞ்சம் ஓடட்டுமே' என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வரப்போரம் எதையோ கவ்வினான். தூரத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்த வயல்கார அண்ணன் கத்தினார்: "ஏம்மா, அதப் புடிம்மா! எலிக்கு மருந்து வெச்சிருக்கேன்!"

நான் ஓடிப் போவதற்குள் விழுங்கிவிட்டான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த அண்ணன்தான் மோட்டார் கொட்டகைக்கு ஓடி, மருந்து பாக்கெட்டை எடுத்து வந்து கையில் திணித்தார். "இதக் காட்டும்மா டாக்டருகிட்ட. நிக்காத, போ!"

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மருந்து?" என்பதுதான். பாக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது புரோமாடியோலோன் வில்லை. ரத்தம் உறையும் சக்தியைக் கெடுக்கும் மருந்து. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். மாற்று மருந்து வைட்டமின் கே1. வாந்தி எடுக்க ஊசி போட்டார். பல வாரங்கள் மாத்திரை கொடுத்தோம். மணி பிழைத்துக்கொண்டான்.

"இதுவே ஜிங்க் பாஸ்பைடா இருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். பொரியிலோ தானியத்திலோ கலந்து வைக்கும் கறுப்புப் பொடி அது. வயிற்றில் விஷவாயுவாக மாறி, சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு நேரடியான மாற்று மருந்தே கிடையாது.

வீடு வரும்வரை அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம்தான். மறுநாள் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர் வயலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். எலி கடித்துச் சாய்த்த தூர்கள், வளைக்குள் இழுத்துப்போன கதிர்கள். "அஞ்சு மாசப் பாடும்மா இது" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு நடைப்பயிற்சிப் பாதை. அவருக்கு அதுதான் சோறு.

இப்போது வயல் பக்கம் திரும்பும் முன் நின்று கேட்டுவிடுகிறேன். உங்களுக்கும் இது உதவும்:

* மருந்து வைத்திருக்கிறார்களா, எலி பிடிக்கும் கிட்டி நட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மூங்கில் கிட்டியில் நாயின் காலோ மூக்கோ மாட்டலாம்.

* கயிற்றை அவிழ்க்காதீர்கள். செத்த எலியையும் கவ்வ விடாதீர்கள்.

* விஷம் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், முட்டை என்று கைவைத்தியம் வேண்டாம். பாக்கெட்டோடு உடனே மருத்துவரிடம் போங்கள்.

* வயல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். அது மனிதருக்கும் தொற்றும். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோங்கள். அதற்கான தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவற வேண்டாம்.

* இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

நேற்றும் போனோம். "அண்ணே, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்றேன். "கிழக்கால போகாத, கிட்டி நட்டிருக்கேன். வாய்க்கா கரையோட போ" என்றவர், மணியைப் பார்த்து, "என்னடா, ஒடம்பு தேவலையா?" என்று விசாரித்தார்.

மணி வாலை ஆட்டினான். கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, கரையோடு நடந்தேன்.