கனமும் கூலியும்: செங்கற்பட்டு இருளரை முன்னிட்டு ஒரு சிந்தனை

“கனம்பண்ணுதல்” என்னும் சொல் நமது சபை வழக்கில் பொன்னாடையையும் மாலையையும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. புதிய ஏற்பாட்டில் இதற்கு ஈடான கிரேக்கச் சொல் “தீமே” என்பதாகும். அது மதிப்பையும் குறிக்கும், விலையையும் குறிக்கும். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் விதவைகளைக் கனம்பண்ணுதல் என்பது அவர்களைப் பராமரிப்பதையும் உள்ளடக்கியதாகும். மூப்பருக்குரிய இரட்டிப்பான கனத்தைச் சொன்ன மாத்திரத்தில் நிருப ஆசிரியர் வேலையாளின் கூலியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். ஆகவே ஒருவரைக் கனம்பண்ணினோமா என்று அறிய விரும்புவோர், அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று கேட்டல் வேண்டும். கருங்குழியில் ஆயராக இருந்த நாட்களில் இக்கேள்வியை நான் கேட்கத் தவறினேன்.

செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே பெருஞ்சாலையை அடுத்துள்ளது கருங்குழி. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூரை அடுத்தது, அது வேறு.) சுற்றிலும் நெல்வயல்கள். மழைக்கால இரவொன்றில், தரையில் பாய்விரித்து உறங்கிய சபையார் ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டியது. அதன் கடியில் வலி மிகக் குறைவு. வீக்கமும் அநேகமாக இராது. விடியுமுன் வயிற்றுவலி, பின்னர் இமைகள் சரிதல், அதன்பின் மூச்சுத் திணறல் என்று நஞ்சு நரம்புகளைப் பற்றும். மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்து கிடைத்ததால் அவர் பிழைத்தார். நன்றி ஆராதனை நடத்தி, மருத்துவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் அதற்குத் தகுதியுடையவரே. ஆனால் அம்மருந்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. அதைத் தேடித் தரும் இருளர் இனத்தைச் சேர்ந்த சிலர், அதே வேளையில் ஆலயத்துக்குப் பின்னுள்ள வயலில் எலிவளை தோண்டிக்கொண்டிருந்தனர்.

இருளர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களது பிழைப்பை அடைத்துவிட்டன. தடை சரியானதே, ஆயினும் அதன் பாரம் தோல் வணிகர்மீது விழாமல் பிடித்தவர்மீதே விழுந்தது. 1978இல் ராமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. ஆண்களும் பெண்களும் அதில் உறுப்பினர். மண்ணில் விழுந்த தடத்தையும் வளையின் வாயையும் உற்றுநோக்கியே உள்ளிருப்பது இன்ன பாம்பு என்று சொல்லிவிடுவர்; பிறகு கடப்பாரையும் வெறுங்கையுந்தான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் மண்பானைகளில் ஏறத்தாழ மூன்று வாரம் வைக்கப்படும். சில நாள் இடைவிட்டு நஞ்சு எடுத்தபின், மீண்டும் பிடிபடாதிருக்க அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விடுவர். உலர்த்தப்பட்ட நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்லும். அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து செய்வர். இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக இவர்கள் கைவழியே சென்றிருக்கிறது. (ஒரே வட்டாரத்துப் பாம்பின் நஞ்சு நாடெங்கும் ஒரேபடி பயன்படாது என்று ஆய்வாளர் கூறுவதும் மெய்யே. அக்குறை திட்டமிடுவோருடையது, பிடிப்பவருடையதன்று.)

இந்நோய் யாருடையது என்பதையும் நோக்கவேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அநேகமாக அனைவரும் கிராமத்தார். நான்கில் மூவருக்குமேல் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களுள் சேர்த்தது 2017இல்தான். தமிழக அரசு 2024இல் இதை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. வயலில் வெறுங்காலோடு நடப்பவனுக்கும் தரையில் படுப்பவனுக்கும் வரும் நோய்க்கு இத்தனை தாமதம்!

நமது திருச்சபை வரலாறு இதே மாவட்டத்துத் திருமணித் தொழுநோய் மருத்துவமனையையும் டாக்டர் ராபர்ட் காக்ரேனையும் நன்றியோடு நினைவுகூர்கிறது. அங்கே உதவி வெளியிலிருந்து ஏழையிடம் வந்தது. இங்கோ ஏழையின் கையிலிருந்து நாட்டுக்குச் செல்கிறது. அதனாலேயே இது நம் கண்ணில் படவில்லை போலும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பவுலடியார் பலவீனமான அவயவங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றை இரக்கத்துக்குரியவையாக அல்ல, இன்றியமையாதவையாகவே காட்டுகிறார். நமது பிரசங்கங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகிறது.

2023இல் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மலைப்பாம்பு பிடிக்கும் கலையை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 2017இல் சென்று செய்துகாட்டியவர்களும் இவர்களே. மகிழத்தக்க செய்தி. ஆயினும் இவர்களது இனத்தார் பலர் இம்மாவட்டத்தில் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைந்து திரிந்ததையும், செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டதையும் நாம் அறிவோம். பாம்பு பிடிக்க வனத்துறையின் அனுமதியும் தேவை. அது தாமதித்தால் அப்பருவத்தின் வருமானம் போயிற்று. விருதை வைத்து இவற்றுள் ஒன்றையும் ஈடுசெய்ய இயலாது.

அந்த வயலில் எலிவளை தோண்டியவர்களில் ஒருவர் சில மாதங்களுக்குப்பின் ஆயரகத்துக்கு வந்து, வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, மனைப்பட்டாவுக்கு ஒரு மனு எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதனுடன் அலுவலகத்துக்குச் செல்லவில்லை, பிறகு விசாரிக்கவுமில்லை. மறு ஆண்டு எனக்கு வேறு சேகரத்துக்கு மாற்றலாயிற்று.