ரயிலுக்குக் கீழே ஓடிய படகு

பறக்கும் ரயில்ல போறவங்க மயிலாப்பூர் பக்கம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்திருப்பீங்க. கீழே கறுப்பா ஒரு தண்ணி. பல வருஷமா நானும் அதைச் சாக்கடைன்னுதான் நினைச்சிட்டிருந்தேன், பக்கிங்ஹாம் கால்வாய் பற்றிப் படிக்கும் வரை.

ஒரு காலத்தில் அது நம்ம ஊர் நெடுஞ்சாலை. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்ட ஆரம்பித்தார்கள். கடலோர உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை. உப்பு, விறகு, அரிசி எல்லாம் இதில்தான் நகரத்துக்கு வந்தன.

ஆட்களும் போனார்கள். 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையில் படகேறி மாமல்லபுரம் கிளம்பினார். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தைச் சொல்லும் கவிதைதான். நகரம் பின்னால் போகுது. வெயில், அப்புறம் நிலா. சுகமான பயணம். ஆனா நடுவில் ஒரு காட்சி: கரையில் ஒரு ஆள், தோளில் கயிறு போட்டு அந்தப் படகை இழுத்துக்கிட்டு நடக்கிறார்!

என்னால் அதைத் தாண்டிப் போக முடியல. ஒரு கணக்குப் போட்டேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்று சாதகமா இருந்தா பாய் விரிக்கலாம், ஆழம் குறைவா இருந்தா கழி ஊன்றலாம். இல்லைன்னா, யாரோ ஒருத்தர் தோள்தான் இன்ஜின்.

கால்வாயை வெட்டிய கதையும் அப்படித்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினியில் வாடிய மக்களுக்கு நிவாரண வேலை என்று கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்ட வைத்தார்கள். பெயர் மட்டும் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது.

பிறகு ரயிலும் லாரியும் வந்தன, படகுகள் குறைந்தன. 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகரத்துக் கழிவு உள்ளே வந்தது. கடைசியில் கால்வாய்க்குள்ளேயே ரயிலுக்குத் தூண் நட்டோம். அகலம் குறைஞ்சா மழைத் தண்ணி எங்கே போகும்? அது நம்ம தெருவுக்குத்தான் வரும்.

அடுத்த முறை ரயில்ல போகும்போது மூக்கைப் பொத்திக்கோங்க, தப்பில்லை. ஆனா கரையை ஒரு தடவை பாருங்க. அங்கே ஒருத்தர் கயிறோடு நடந்திருக்கார்.