பென்குயின்களின் இனப்பெருக்கக் காலமும் நிர்ப்பீடனமும்

ஒரே திடலிற் கூடிவாழும் பறவைகள் யாவும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. சில இணைகள் முந்துகின்றன, சில பிந்துகின்றன. முந்தியவையே கூடுதலான குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குகின்றன என்பது பல இனங்களிற் கண்ட உண்மையாகும். பிந்தியவை தோல்வியுறுவதற்குக் காலங் கடந்தமை காரணமா? அன்றி, இயல்பிலேயே நலங்குன்றியவையாதலின் அவை பிந்தினவா? இவ்வினாவை ஆராய்தற்குப் பென்குயின்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

அந்தாட்டிக்காக் குடாநாட்டை அடுத்த தீவுகளில் வாழும் சின்ஸ்ட்ராப் பென்குயினை எடுத்துக்கொள்வோம். நாடியின் கீழ்க் கயிறு கட்டியதுபோன்ற கருங்கோடு உடைமையால் இப்பெயர் பெற்றது. இது கோடையின் தொடக்கத்தில் இரு முட்டைகளையிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி ஐந்து வாரமளவில் அடைகாக்கும். பெப்புருவரி இறுதியிலோ மார்ச்சிலோ குஞ்சுகள் கடல் புகும். பின்னர்ப் பெற்றோர் கடலில் இரைதேடிக் கொழுத்துக் கரையேறி, பழைய இறகுகள் அனைத்தையும் ஒருங்கே உதிர்த்துப் புதுப்பிக்கும். அதுகாறும் நீரில் இறங்கவியலாமையின் அவை பட்டினி கிடக்கும். ஆகவே, பிந்தித் தொடங்கிய இணைக்குக் கொழுப்பைச் சேர்க்கும் காலமும் குறுகிவிடுகிறது.

நிர்ப்பீடனமும் விலையின்றிக் கிடைப்பதன்று. வெண்குருதிக் கலங்களையும் பிறபொருளெதிரிகளையும் ஆக்குவதற்குப் புரதமும் சத்தியும் வேண்டும். குஞ்சுக்கு இரையூட்டும் உழைப்பும் அதே முதலிலிருந்தே செலவாகின்றது. நெடிய நெருக்கடியிற் சுரக்கும் ஓமோன்களும் நோயெதிர்ப்பை ஒடுக்கவல்லன.

1998ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, டிசெப்சன் தீவிலுள்ள இவ்வினத்தின் இனப்பெருக்கக் காலம், உடல்நலம், நிர்ப்பீடனம் ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளிற் கையாளப்படும் முறைகள் சில உள. குருதியிலுள்ள வெண்கலங்களின் வகைகளை எண்ணி அவற்றின் விகிதத்தைக் காண்பது ஒன்று. அவரையினத்து விதையிலிருந்து பெறும் புரதமொன்றைத் தோலினுட் செலுத்தி, அங்கு எழும் வீக்கத்தை அளப்பது மற்றொன்று. எனினும், பெரிய வீக்கம் எப்போதும் பெரிய நோயெதிர்ப்பைக் குறிக்கும் எனத் துணிதல் தகாது.

காலத்தையும் தகுதியையும் பிரித்தறிய, முந்திய இணையின் முட்டைகளைப் பிந்திய இணையின் முட்டைகளோடு மாற்றிவைப்பர். தகுதிமிக்க இணை தாமதித்துக் குஞ்சு பொரிக்க நேர்ந்தும் நன்கு வளர்த்ததாயின் குறை காலத்தினதன்று. அதுவும் தவறியதாயின் காலமே காரணமாகும். எனினும் இரு காரணங்களும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. நலங்குன்றிய பறவை பிந்துகிறது. பிந்தியமையால் நெருக்குண்டு மேலும் நலிகிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. கொடிய பறவைக் காய்ச்சல் 2023 ஒக்டோபரில் தென் ஜோர்ஜியாத் தீவையும், 2024 பெப்புருவரியில் அந்தாட்டிக்கப் பெருநிலத்தையும் எட்டியமை உறுதிசெய்யப்பட்டது. தென் ஜோர்ஜியாவிற் பென்குயின்களும் அதற்கு இலக்காயின. கடலும் பனியும் மாறிவரும் இந்நாளில், இரை கிடைக்கும் காலமும் இனம்பெருக்கும் காலமும் பொருந்தாவிடின், மெலிந்த உடலோடு புதிய நோயை எதிர்கொள்ளும் நிலை அப்பறவைகளுக்கு உண்டாகும். எனவே, ஒரு திடலில் எத்தனை பறவைகள் உள்ளன என்று எண்ணுவதோடு அமையாது, அவை எப்போது முட்டையிடுகின்றன, எத்தகைய நலத்தோடு இடுகின்றன என்பவற்றையும் அறிதல் இன்றியமையாததாகும்.