கண் மாத்திரைக்குக் குத்துச்சண்டையில் ஏன் தடை?

கண்ணழுத்த நோய்க்கு மேட்டுப்பாளையத்து மருந்துக்கடையிலும் சீட்டைக் காட்டி வாங்கக்கூடிய மாத்திரை, அசிட்டசோலமைடு. உயரமான மலைகளில் ஏறுவோர் தலைசுற்றலைத் தவிர்க்க விழுங்குவதும் இதைத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய குத்துச்சண்டை வீரர் சுமித் சங்வானின் சிறுநீரில் 2019இல் இது தென்பட்டது. ஓராண்டு தடை விழுந்தது.

தசையை வளர்க்காத மருந்துக்கு ஏன் தடை?

சிறுநீரகம் பைகார்பனேட் உப்பை வீணாக்காமல் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். அதற்கு உதவும் நொதியை இந்த மாத்திரை முடக்குகிறது. உப்பு வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும். எடை பார்க்கும் நேரத்தில் உடல் இளைத்துக் காட்டும். எடைப் பிரிவை வைத்தே எதிராளி முடிவாகும் ஆட்டத்தில் இது பெரிய ஆதாயம். அதைவிட முக்கியம், நீர்த்த சிறுநீரில் வேறு மருந்தின் தடயம் மங்கிவிடும். சிறுநீர் காரமாவதால் ஆம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகள் வெளிவருவதும் குறையும்.

அதனால்தான் சோதனையில் அத்தனை கெடுபிடி. அதிகாரி பார்க்கும்படிதான் சிறுநீர் கழிக்க வேண்டும், குறைந்தது 90 மில்லி. வீரரே அதை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி முத்திரையிடுவார். அடர்த்தி போதாவிட்டால் மறுபடியும் தர வேண்டும். ஆய்வகத்தில் நிறை நிறமாலைமானி மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காணும்.

நீர் வற்றிய உடம்போடு தலையில் குத்து வாங்குவது உயிரோடு விளையாடுவது. எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. உண்மையாகவே கண் நோய் உள்ளவருக்கு வழி இருக்கிறது: மருத்துவச் சான்றோடு சிகிச்சை விலக்கு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.