உங்களுக்குத் தெரியுமா? திருச்சிச் சீமையின் 18-ஆம் நூற்றாண்டுக் காசுகள்

★ 1700-களில் திருச்சிக் கோட்டைக்கு எத்தனை எஜமானர்கள் தெரியுமா? நாயக்க ராணி மீனாட்சியிடமிருந்து 1736-இல் சந்தா சாகிப் பறித்தார். 1741-இல் மராத்தியர் அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோய், முராரி ராவைக் கோட்டையில் உட்காரவைத்தார்கள். 1743-இல் நிஜாம் வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா. 1801-இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனி. ஆள் மாறினால் காசும் மாறும். ஆனால் பழைய காசு உடனே செல்லாமல் போய்விடாது. எல்லாம் ஒரே சந்தையில் ஒன்றாகப் புழங்கின. சேர்ப்பவர்களுக்கு இந்த நூற்றாண்டின் மேல் பித்துப் பிடிப்பது இந்தக் கலவரத்தால்தான்.

★ நவாபு காலத்துச் சில காசுகளில் அச்சடித்த ஊர் ‘நத்தர்நகர்’ என்று பாரசீக எழுத்தில் இருக்கும். வேறெங்கோ என்று தேட வேண்டாம், நம்ம திருச்சிதான். நத்தர்வலி தர்காவை வைத்து நவாபு தரப்பினர் ஊருக்கு இட்ட பெயர் அது. 1795-இல் சென்னையில் இறந்த வாலாஜாவின் அடக்கமும் அந்தத் தர்காவில்தான்.

★ நாயக்கர் செப்புக்காசு கையில் கிடைத்தால் மன்னர் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். பெரும்பாலானவற்றில் தெய்வம் இருக்கும், மிருகம் இருக்கும், அடித்தவர் பெயர் இருக்காது. எந்த நாயக்கர் காலத்தது என்று பிரித்துச் சொல்வது பண்டிதர்களுக்கே தலைவலி. நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதரை முகத்தோடு பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அங்கே குடும்பத்தோடு சிலையாகக் கைகூப்பி நிற்கிறார்.

★ காசில் இருக்கும் ஆண்டு, அது அடிக்கப்பட்ட ஆண்டு என்றுதானே நினைப்போம்? சென்னையில் கும்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாய் அந்த நினைப்பைக் கவிழ்த்துவிடும். அதில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172-உம் இருக்கும். அதாவது 1758-59. பேரரசர் 1759-லேயே கொலையுண்டார். கும்பெனியோ அதே பெயரையும் அதே ஆண்டையும் 1800-களுக்குள்ளும் இழுத்துக்கொண்டு வந்தது. நீராவி இயந்திரத்தின் காலம் வந்த பிறகும் காசில் செத்துப்போன பாதுஷாதான்! காரணம் எளிது: மக்கள் கண்ணுக்குப் பழகிய காசுக்கு வட்டம் கழிக்க மாட்டார்கள், புதுக் காசென்றால் காசு மாற்றும் சராப்பு முகம் சுளித்துப் பிடித்தம் செய்வார்.

★ அதே ஆற்காட்டு ரூபாயைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அடித்தார்கள். அனுமதி அவர்களுக்கு 1736-இல், ஆங்கிலேயருக்கு 1742-இல். வித்தியாசம் எப்படித் தெரியும்? பிறைக்குறி இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. 1752-இல் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுத் தளபதி லா ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது, இரு பக்கத்துச் சிப்பாய்களின் மடியிலும் இந்த ரூபாய் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

★ கும்பெனி துரைமார் தங்கத்தில் அடித்த வராகனில் யார் இருக்கிறார்? சாட்சாத் பெருமாள். மறுபக்கம் புள்ளி புள்ளியாக, நடுவில் ஒரு நட்சத்திரம். இன்னொரு வகையில் இரு தேவியரோடு சேவை சாதிப்பார். அதற்கு ‘மூன்று சாமி வராகன்’ என்று பெயர். பக்தி ஒன்றுமில்லை, வியாபாரம். கணக்கும் சுலபமில்லை: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. ரூபாயில் சொன்னால் ஏறத்தாழ மூன்றரை. 1818-இல் ரூபாயே அளவுகோல் என்று ஆனதும் வராகன் ஓய்வு பெற்றது.

★ தமிழ் எழுத்து உள்ள 18-ஆம் நூற்றாண்டுக் காசு வேண்டுமா? ஐரோப்பியர்களிடம் கேளுங்கள்! பிரெஞ்சுச் செப்புக்காசில் ஒரு பக்கம் அவர்கள் நாட்டு லில்லிப்பூ, மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழில். காரைக்கால் காசில் ‘காரைக்கால்’. டச்சுக்காரர்களின் நாகப்பட்டினம் காசில் ஊர்ப்பெயர் தமிழில். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், அந்தக் கால வழக்கம் அப்படி. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு நான் கைகாட்டுவது இந்தச் செம்பைத்தான். தங்கத்துக்குப் போய்ச் சூடு பட்டுக்கொள்ள வேண்டாம்.

★ அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டுக் காசு என்றால் தனி மோகம். பிலடெல்பியா அக்கசாலையின் முதல் செண்டுகள் 1793-இல் வந்தன. சங்கிலி போட்ட அந்த வகையில் 36,103 மட்டுமே. 1794-ஆம் ஆண்டு வெள்ளி டாலர் ஒன்று 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதிகம் பேர் அறியாத செய்தி: 1790-களின் கடைசியில் அமெரிக்கச் செண்டுக்கு வேண்டிய செப்பு வில்லைகளை அனுப்பிய பர்மிங்ஹாம்காரர் மேத்யூ போல்டன்தான், தம் சோஹோ பட்டறையில் சென்னை மாகாணத்துக்கும் காசு அடித்துக் கொடுத்தார். வட சர்க்கார் பகுதிக்கான அந்தச் செப்புக்காசுகளில் 1794 என்ற ஆண்டு பளிச்சென்று இருக்கும்.

★ அதே சோஹோவில் அடித்த 10 காசு, 20 காசுகளை 1808 ஆண்டு பொறித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். நம் தாத்தாக்கள் கைக்கு வரவேண்டிய காசு, இன்று உலகமெங்கும் சல்லிசாக விற்கிறது. பழசு என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது.

★ திருச்சியில் அடித்த காசின் அழகே அதன் கோணல்தான். அச்சு பெரியது, வில்லை சிறியது. சுத்தியல் விழுந்த இடத்தில் பாதி எழுத்துத்தான் பதியும். முழு வாசகத்தையும் படிக்க ஒரே வகையில் நாலைந்து காசு வேண்டும். ஒன்றில் தலை, இன்னொன்றில் வால் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு காசு ஒன்றுபோல இருக்காது. அச்சுக்கு அச்சு வேறுபாடு தேடும் இந்த வேட்டையில்தான் அமெரிக்கச் செண்டுப் பிரியர்களும் பைத்தியமாகிறார்கள். இன்று காசின் தரத்தை 70 வரை மதிப்பிடும் முறையே, அவர்களில் ஒருவரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய செண்டுகளுக்காக வகுத்தது.

★ தென்னாட்டுக் காசுகளைப் பற்றித் திருச்சியிலிருந்தே ஒரு புத்தகம் வந்திருக்கிறது. 1933-இல் தி. தேசிகாச்சாரி எழுதிய ‘தென்னிந்திய நாணயங்கள்’ என்ற ஆங்கில நூல். அவர் திருச்சி வக்கீல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1893-இல், தி.எம். ரங்காச்சாரியோடு சேர்ந்து தரங்கம்பாடி டேனிஷ் காசுகளைப் பற்றி ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதியவர். வழக்குக் கட்டுக்கு நடுவே காசைப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது, பொறாமையாக இருக்கிறது.

★ தங்கத்தில் அதிகம் மிஞ்சாததற்குத் திருடர்கள் மட்டும் காரணமல்ல, நம் பாட்டிமார்களும்தான். வராகன் உருகி மோதிரமானது. உருகாதது காசுமாலையில் கோர்க்கப்பட்டது. கோர்க்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் சேர்ப்பவரிடம் விலை பாதிகூடப் போகாது.

★ புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. செப்புக்காசின் மேல் இருநூறு ஆண்டாகப் படிந்த கருமையும் பச்சையும்தான் அதன் சான்றிதழ். மண் ஒட்டியிருந்தால் வாலை வடித்த நீரில் ஊறவையுங்கள், போதும். மலிவு பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள்; செம்பு பிசுபிசுத்துப் பச்சை கக்கும்.

★ ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படம், ‘கிழக்கிந்தியக் கம்பெனி’, ஆண்டு 1616 அல்லது 1818… இப்படி ஒரு காசை யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கும்பெனி அப்படி அடிக்கவே இல்லை. அதையே ‘அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது’ என்று லட்சங்களுக்குப் பேசினால் அது ரைஸ் புல்லர் மோசடி. நகர்ந்தால் போதாது, போலீசுக்குச் சொல்லுங்கள்.

★ 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பித்தளைப் பாத்திரம் அகப்பட்டது. உள்ளே 505 தங்கக்காசு, எடை 1.716 கிலோ. உங்கள் தோட்டத்தில் இப்படி அகப்பட்டால்? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய் என்பது இன்னும் மாறவில்லை. கடையில் முறையாக வாங்கி வைத்துக்கொள்வதில் தடை கிடையாது. ஆனால் நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு நண்பர் ஆசைப்பட்டாரென்று தபாலில் அனுப்பினால் குற்றம். அவரைத் திருச்சிக்கு வரச் சொல்லி, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.